ஒன்பது பேரும் ஒரு காத்தாடியும்

எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர் கப்பலேறிக் கடலுக்குப் போய், கால் நனைக்காமல் திரும்பி வந்தார்கள். அதற்குக் காரணம் கூடப்போன ஒன்பதாவது ஆள். அந்த ஆள் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் போடிநாயக்கனூரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். (எங்கள் தெரு டீக்கடையில் கேட்டால் நான் செய்யாததையும் சேர்த்தே சொல்வார்கள்.)

அப்போது என்னிடம் ஒரு ட்ரோன் இருந்தது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. சரிவில் தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எந்த மரம் சாய்ந்திருக்கிறது என்று ஏறி இறங்காமலே பார்த்துவிடலாம் என்று வீட்டில் சொல்லித்தான் அதை வாங்கினேன். வாங்கிய பிறகு குழாயை ஒருநாளும் பார்க்கவில்லை. மேகத்தைப் படம் எடுத்தேன். பஸ் வளைவில் திரும்புவதை எடுத்தேன். குரங்கணிப் பக்கம் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு ஏறுவதை எடுத்தேன். தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள் அதன் சத்தம் கேட்டதுமே, "கொசு வந்துருச்சுடி" என்று முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஒரு திருவிழாவில் தேரை மேலே இருந்து எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். ஊரே பார்த்தது. கல்யாண வீடுகளில் என்னை ‘ட்ரோன் தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாற்பதை நெருங்குகிறவனைத் தம்பி என்று நாலு பேர் கூப்பிட்டால் அவன் என்ன ஆவான்? நான் ஆனேன். சாப்பிடும்போதுகூட இந்த இலையை மேலே இருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிற நிலைமைக்கு வந்திருந்தேன்.

அந்த வருஷம் காயும் நன்றாக இருந்தது, விலையும் நன்றாக இருந்தது. அக்காதான் பேச்சை எடுத்தாள். "அம்மாவ ஒரு தடவ கடலுக்குக் கூட்டிட்டுப் போவோம்டா."

அம்மா கடலுக்குப் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. அப்பா இறந்தபோது ராமேஸ்வரம் போனாள். "அன்னைக்கு நான் எங்கடா கடலப் பாத்தேன்? முங்கச் சொன்னாங்க, முங்குனேன். கண்ணத் தொறக்கவே இல்ல" என்பாள். பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாமே மலைச்சரிவில். அழாமல் ஒரு தடவை கடலில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதையும் அவளாகச் சொல்லவில்லை. அக்கா கிண்டிக் கிண்டிக் கேட்டதில் வெளியே வந்தது.

கொச்சியிலிருந்து ஒரு கப்பல். மூன்று ராத்திரி, நான்கு பகல். அதில் ஒரே ஒரு பகல் ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். அங்கே கடல் கண்மாய் மாதிரி அலையில்லாமல் கிடக்கும், இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் நிற்கலாம் என்று டிராவல்ஸ்காரர் சொன்னார். அம்மா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பில் ஏறும்போது, ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும்போது, கண்டவர்களிடம் எல்லாம் "இடுப்பளவு தண்ணிதானாம்" என்று சொன்னாள். கடலில் நிற்பதற்கென்றே ஒரு பழைய நூல் சேலையைத் தனியாக மடித்து வைத்தாள்.

போனது ஒன்பது பேர். அம்மா, நான், என் மனைவி வனிதா, எங்கள் மகள், அக்கா, அக்கா வீட்டுக்காரர் பெருமாள் மச்சான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், மச்சானின் தங்கை. இதில் மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபது வருஷம் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டியவர். காலையில் எத்தனை தலை ஏறியதோ அத்தனை தலையும் ஏறாமல் சாயங்காலம் ஜீப்பை எடுக்க மாட்டார். மழையடித்தாலும் மூடுபனி இறங்கினாலும் ஹாரனை அடித்துக்கொண்டு நிற்பார். மலையில் ஒரு ஆளை விட்டுவிட்டு வருவது அவர் அகராதியில் கொலைக்கு அடுத்த குற்றம். எங்கள் பக்கம் எல்லாருக்குமே அது ரத்தத்தில் ஊறியது, அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊறிவிட்டது.

கொச்சித் துறைமுகத்தில் வரிசையில் நின்றோம். பக்கத்தில் ஒரு போர்டு. கப்பலில் கொண்டுபோகக் கூடாத சாமான்களின் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். கத்தி, பட்டாசு, கேஸ் சிலிண்டர். நாலாவதாக, நாலு இறக்கையோடு ஒன்று.

"ஏங்க, அது உங்க கொசுதான?" என்றாள் வனிதா.

"அது பெரிய ட்ரோனுக்கு. இது சின்னது."

"போர்டுல அளவு போடலயே."

பக்கத்திலேயே ஒரு கவுன்டர் இருந்தது. தடைசெய்த பொருளைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது தந்துவிடுவார்கள். இரண்டு நிமிஷ வேலை. நாலு பேர் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஆனால் நான் ஊர் குரூப்பில் ‘நடுக்கடலில் இருந்து வான்வழிக் காட்சி, காத்திருங்கள்’ என்று அறிவித்துவிட்டு வந்தவன். (காத்திருங்கள் என்று நான் சொல்லி, யாரும் சோலியை விட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

அம்மாவிடம் போனேன். அவள் கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் முறுக்கு டப்பா, கடல் சேலை, அப்புறம் இரண்டு கிலோ ஏலக்காய், சின்னச் சின்னப் பொட்டலங்களாக. போடிக்காரர்கள் வெளியூருக்கு வெறுங்கையோடு போவதில்லை. டாக்டருக்கு ஒரு பொட்டலம், பிள்ளையின் வாத்தியாருக்கு ஒரு பொட்டலம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவருக்கும் ஒரு பொட்டலம்.

"அம்மா, இது கொஞ்சம் ஒன் பையில இருக்கட்டும்."

"ஏண்டா, அங்க குடுத்துட்டுப் போன்னுதான சொல்றாங்க?"

"நீ தண்ணியில நிக்கிறத மேல இருந்து எடுக்கணும்மா. நீயும் கடலும் மட்டும் தெரியிற மாதிரி."

அவள் முகம் இளகிவிட்டது. அவளே ட்ரோனை வாங்கி, கடல் சேலையில் சுற்றி, மேலே ஏலக்காய்ப் பொட்டலங்களை அடுக்கினாள். சோதனை செய்கிற பெண் பையைத் திறந்தாள். எட்டு எம்எம் முதல்தரப் பச்சைக் காய், கைபடாத வாசம். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்து, "பாயாசத்துக்குப் போட்டுக்க ஆத்தா" என்றாள். பை அப்படியே மூடப்பட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று விடலாம் போலிருக்கும்.

முதல் நாள் கப்பலைச் சுற்றிப் பார்த்ததிலேயே போய்விட்டது. இரண்டாம் நாள் காலை தீவு. கப்பல் கரைவரை போகாது, தள்ளியே நிற்கும். சின்னப் படகில் தவணை தவணையாக ஆளை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். எங்களுக்கு முதல் படகிலேயே இடம். அம்மா விடியும் முன்பே குளித்து, கடல் சேலையைக் கட்டித் தயாராக இருந்தாள். படகில் இறங்கும் வாசலில் இன்னொரு சோதனை மெஷின் இருந்தது. இப்படி ஒன்று இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

வெள்ளைச் சீருடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மலையாளி, கட்டைப்பையிலிருந்து ட்ரோனை வெளியே எடுத்தார்.

"இது ஆருடெ பேக்?"

"என்னோடதுதான் சாரே" என்றாள் அம்மா. தோட்டத்தில் பழகிய மலையாளம் அவளுக்குத் தானாக வரும்.

"இது எந்தா அம்மே?"

நான் அவளுக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றேன். வாயைத் திறந்து ‘அது என்னுடையது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்.

"காத்தாடியாக்கும் சாரே. ஏலக்கா ஒணத்துறது."

அவர் அதைத் திருப்பினார். கேமரா அவரையே பார்த்தது. "காத்தாடிக்குக் கண்ணு எதுக்கு?"

"காய் காஞ்சிருச்சான்னு பாக்க வேணாமா?" என்றாள் அம்மா.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்த அதிகாரியும் உதட்டைக் கடித்து அடக்கினார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத, பொய் சொல்லத் தெரியாத என் அம்மா, சீருடைக்காரர் முன்னால் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "சார், அது என்னோடது."

என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. கடலோரப் பாதுகாப்பு விஷயம், மறைத்துக் கொண்டுவந்தது இன்னும் தப்பு, நடந்ததை எழுதிக்கொடுக்க வேண்டும், கேப்டன் பார்த்து முடிவு சொல்வார் என்றார் அதிகாரி. பிறகு வாசலில் நின்ற எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "நீங்க எல்லாம் போகலாம். இவர் மட்டும் போதும்" என்றார் பாதித் தமிழில்.

யாரும் நகரவில்லை. மச்சான் முன்னால் வந்தார். "சார், ஒம்போது பேரு ஏறுனோம். ஒம்போது பேருமாத்தான் எறங்குவோம். மாப்ளைய விட்டுட்டுப் போற பழக்கம் எங்க பக்கம் கெடையாது."

அறைக்குள் இருந்த நாற்காலிகளிலும் வாசல் தரையிலுமாக எட்டுப் பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் படகு எங்கள் ஒன்பது இடத்தையும் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பிப் போனது.

"எம்புட்டு நேரமாகும் மாப்ளே?" என்றார் மச்சான்.

"அஞ்சு நிமிஷம் மச்சான்."

எனக்கு எழுதத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்றுதான், பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம். மதிப்பிற்குரிய ஐயா, நான் தெரியாமல் ட்ரோன் கொண்டுவந்துவிட்டபடியால் என்று ஆரம்பித்தேன். அவர் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தெரியாமல் அம்மா சேலைக்குள்ளே எப்படிப் போச்சு?" என்றார். இரண்டாவது தடவை எழுதினேன். அதில் மன்னிப்பு ஏழு இடத்தில் வந்தது, நடந்தது ஓர் இடத்திலும் வரவில்லை. மூன்றாவதை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். (கீழே ‘தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்’ என்று பழக்க தோஷத்தில் போட்டுவிட்டேன். அதை அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்.)

இரண்டாவது படகு போனது. அறைக்குள்ளேயே மோட்டார் சத்தம் கேட்டது.

அதிகாரி என்னிடம் தணிந்த குரலில், "ஆள்களை அனுப்பு. கேப்டன் பேப்பர் லேட்டாகும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் வெளியே அதைச் சொல்லவில்லை. வனிதா வாசலிலிருந்து எழுந்து வந்து என் காதருகே குனிந்தாள்.

"நீங்க போங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அத்தை எந்திரிப்பாங்க. அத்தை எந்திரிச்சாத்தான் பெருமாள் அண்ணன் எந்திரிப்பாரு."

"இரு. இந்தா முடிஞ்சிரும்."

ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷத்தில் இதற்கு நான் எத்தனையோ சமாதானம் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பயத்தில் மூளை ஓடவில்லை என்பது ஒன்று. தனியாக மாட்டிக்கொள்வேனோ என்பது இன்னொன்று. உண்மை வேறு. எங்கள் ஊர் ஆபீஸ்களில் காரியம் நடக்கவில்லை என்றால் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைப்போம். வயசான அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதிகாரி கொஞ்சம் இரங்குவார். அதே கணக்கைத்தான் அன்றும் போட்டேன். அம்மா அங்கே கடல் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்த ஆள் மனசு மாறி ட்ரோனைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அம்மாவைக் கடலில் படமெடுப்பதற்காக அம்மாவைக் கடலுக்கு விடாமல் பிடித்து வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

மூன்றாவது படகு போனது. பிள்ளைகள் முறுக்கு டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். "அஞ்சு நிமிஷம்" என்று நான் சொன்னது எத்தனையாவது தடவை என்று மச்சானின் தங்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா மட்டும் சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை, "வெரசா எழுதிக் குடுத்துரு அப்பு, அவரும் பாவம், காலைல இருந்து பச்சத்தண்ணி குடிக்கல" என்றாள்.

கேப்டனிடமிருந்து தாள் வந்தது. பொருளைக் கொச்சி வரைக்கும் வைத்திருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும், பயணியை எச்சரித்து விட வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கவுன்டரில் இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் இதேதான் நடந்திருக்கும், எச்சரிக்கை மட்டும் இருந்திருக்காது. கையெழுத்துப் போட்டேன்; ரசீது எழுதி வரும்வரை நான் மட்டும் இருக்க வேண்டும். இனி ட்ரோனும் கிடையாது, இரக்கமும் கிடையாது என்று ஆன பிறகு வெளியே வந்து, பெரிய தியாகி மாதிரி சொன்னேன்.

"மச்சான், நீங்கெல்லாம் அம்மாவக் கூட்டிட்டுப் போங்க. நான் இருந்துக்கிர்றேன்."

ஒலிபெருக்கி அந்த நேரம் பார்த்துப் பேசியது. காற்று கூடிவிட்டது, கடைசிப் படகு போகாது, கரைக்குப் போனவர்களையும் சீக்கிரமே திருப்பி அழைத்து வருகிறார்கள். முதலில் மலையாளத்தில் சொன்னார்கள். அம்மாவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. தமிழில் சொல்லும்வரை அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் அடித்திருக்கலாம். அக்கா அழுதுவிட்டாள். "பரவால்ல, விடுங்க. கப்பல்ல இருந்தே தெரியும்ல" என்று அம்மா எழுந்தாள். எல்லோரும் மேல்தளத்துக்குப் போனோம். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அதன்மேல் பச்சையாக ஒரு கோடு. அதுதான் தீவு. நான் பக்கத்தில் போய் நின்றதும் அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். 

படகுகள் திரும்பி வந்தன. ஈரத் தலையும் மணல் ஒட்டிய காலுமாக ஆட்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவர்களுக்கு வழிவிடுவதற்காக அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அந்தச் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் அம்மாள் ஒருத்தி, நேற்றே பழக்கமானவள், முடியைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

"இடுப்பளவுதானா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாங்க. அடியில மணல்கூடத் தெரியுது. கண்ணாடியாட்டம்."

"ம். சொன்னாங்க" என்றாள் அம்மா.

நான் அங்கிருந்து போய்விட்டேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பது வயசு ட்ரோன் தம்பி.

சாயங்காலம் அந்த அதிகாரி எங்களைக் கடந்து போனபோது, அம்மா கூப்பிட்டு நிறுத்தி ஒரு ஏலக்காய்ப் பொட்டலத்தைக் கொடுத்தாள். அவர் வாங்கத் தயங்கினார். "எடுத்துக்க சாரே, கண்ணு இல்லாத காத்தாடியில ஒணத்துனது" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அன்று எங்கள் கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மச்சான் மட்டும் சாப்பாட்டு மேஜையில், யாரையும் பார்க்காமல், "நான் வண்டி ஓட்டுன காலத்துல ஆள விட்டுட்டு வந்ததில்லதான். ஆனா, விட்டுட்டு வந்திருக்க வேண்டிய ஆளும் உண்டு போல" என்றார். கொச்சியிலிருந்து போடிமெட்டு வரும்வரை என்னிடம் பேசவில்லை.

ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் அதில் ஏலக்காய் வாசம் போகவில்லை. ஊர் குரூப்பில் வான்வழிக் காட்சி என்ன ஆச்சு என்று ஒரே ஒருத்தர் கேட்டார். நான் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டேன்.

பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். கன்னியாகுமரி போவோம்மா, தூத்துக்குடி போவோம்மா, மறுபடி அதே தீவுக்கே போவோம்மா. "போவலாம் அப்பு, காய் எடுத்து முடியட்டும்" என்பாள். அடுத்த வருஷம் முழங்கால் பிடித்துக்கொண்டது. இப்போது ஜீப்பில் ஏறுவதற்கே ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் அவளை இனிமேல் யார் நிறுத்துவது?

ஆனால் விசேஷ வீடுகளில் அவளுக்குக் கிராக்கி. யாராவது தெரியாத்தனமாக, "கப்பல்ல எல்லாம் போய்ட்டு வந்தீகளாமே அத்தே, கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் போதும். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். "கடலா? அத விடு தாயி, ஆபீசச் சொல்றேன் கேளு. ஒரு மேஜை. ஆறு சேரு, ஒண்ணு கால் ஆடுது. செவத்துல தீயணைக்கிற செவப்புச் சிலிண்டரு. மேல ஒரு காத்தாடி, அது நெசமான காத்தாடி. கப்பல் ஏறி நடுக்கடலுக்குப் போயி, அப்படி ஒரு ஆபீசப் பாத்துட்டு வந்தவ இந்தத் தேனி ஜில்லாவுல நான் ஒருத்திதான்." கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், "ஆபீஸ் நல்லா இருக்கான்னு விசாரிச்சியா?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். என் மகளே கேட்கிறாள்.

போன மாதம் ஒரு வளைகாப்பில் மறுபடி சொன்னாள். நான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவன், சாம்பார் வாளியோடு நின்று அவளையே பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் கண்ணால் தேடி, என் முகத்தைக் கண்டுபிடித்தாள். நான் சிரித்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா சிரித்தாள்.